ஏற்றத்தில் நிறுத்தினால் எடுக்காத வண்டி

பாய்,

இன்று காலை எஃப்.சி. சோதனைக்குக் காட்டப் பிக்கப் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். சீட்டைத் தூக்கி ஜாக்கியை வெளியே எடுத்தபோது அதன் அடியில் ஒரு அட்டை ஒட்டிக்கொண்டு வந்தது. புதுச் சட்டையை விறைப்பாக மடித்து வைக்க உள்ளே ஒரு வெள்ளை அட்டை சொருகியிருப்பார்களே, அது. கிரீஸ் பட்டுப் பாதி கறுத்திருந்தது. மேல் மூலையில் 786. அதன் கீழே உங்கள் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் அளந்து வெட்டியதுபோல.

‘வெள்ளிமலை சந்தை. மூக்கு மேலே. எடுக்கல.
வெள்ளிமலை சந்தை. அதே இடம். மூக்கு மேலே. எடுக்கல. மழை இல்லை.
கச்சிராயபாளையம், வேலு வூட்டு வாசல். சமம். ரெண்டாம் தரம் எடுத்தது.
வெள்ளிமலை. மழை. குளிர் ஜாஸ்தி. மூக்கு கீழே. ஒரே தரம்.’

கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தீர்கள்.

ஈரக் கையோடு அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து என் மனைவி, “இன்னாங்க, சத்தத்தையே காணோம்? வண்டி எடுக்கலியா?” என்றாள். எடுக்கும் என்றேன். ஆனால் உடனே போய் எடுத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஆறு வருடம் வாரம் தவறாமல் ஒன்றாக மலையேறினோம். கள்ளக்குறிச்சியில் உங்கள் துணிக்கடை வாசலில் விடிகாலை ஐந்து மணிக்கு நான் வண்டியை நிறுத்தும்போது, நீங்கள் மூட்டைகளைக் கட்டி வைத்துவிட்டு அவற்றின்மேல் உட்கார்ந்திருப்பீர்கள். கடையைப் பூட்டி, பத்தடி வந்து, திரும்பப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பீர்கள். வண்டியில் ஏறிய பிறகு இன்னொரு தடவை இறங்கிப் போவதும் உண்டு. “பிரேக் பாத்தியா வேலு? கயிறு பாத்தியா? டயர்ல காத்து கம்மியா இருக்கற மாதிரி தெரியுதே?” மலைப்பாதை தொடங்கியதும் கதவுக்கு மேலே உள்ள பிடியைப் பிடித்தால், வெள்ளிமலை வந்துதான் விடுவீர்கள். விரல்கள் வெளுத்துப் போயிருக்கும்.

எனக்கு அப்போது பயம் என்றால் என்னவென்று தெரியாது. ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு, மறு கையால் போனை எடுப்பேன். “பயந்துக்கினே இருந்தா பொழைக்க முடியாது பாய்” என்பேன். நீங்கள் என் கையிலிருந்து போனை வாங்கி உங்கள் பையில் போட்டுக்கொள்வீர்கள்.

வண்டி தகராறு செய்யத் தொடங்கியது ஐப்பசியில். சந்தை முடிந்து மூட்டைகளை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். என்ஜினைச் சுழற்றிவிடும் செல்ஃப் நன்றாகச் சுற்றியது. என்ஜின் எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு இருமிக்கொண்டு வெள்ளைப் புகையோடு எடுத்தது. குளிர் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் அரை மணி நேரம் ஆயிற்று.

கச்சிராயபாளையத்தில் என் வண்டியை வழக்கமாகப் பார்க்கும் சேகரிடம் போனேன். பேட்டரியை மாற்றினான். சரியாகவில்லை. குளிரில் என்ஜினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகளை மாற்றினான். அதன் பிறகு செல்ஃபையே கழற்றிச் சரிபார்த்தான். ஒவ்வொரு முறையும் அவன் பட்டறையில் ஒரே திருப்பில் எடுக்கும். “பாத்தியா, பூ மாதிரி எடுக்குது” என்பான். மலைக்குப் போனால் அதே கதை.

அந்த ஒன்றரை மாதம் எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை பாய். மேலே கடைகளுக்கு அரிசி ஏற்றிப் போகிறவன், கீழே மரவள்ளி இறக்கிவருகிறவன், எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. “வேலு வண்டியா? அது திரும்பி வரும்போதுதான் நிச்சயம்” என்று ஒருவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். நீங்கள் சந்தையில் துணியை விரித்துப் போட்டு விற்றுக்கொண்டிருப்பீர்கள். நான் டீக்கடையில் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்போதுதான் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு வந்தீர்கள். டீக்கடையில் நான்கைந்து ஜீப் டிரைவர்கள் இருந்தார்கள்.

“வேலு, இது குளிர் இல்லப்பா. போன வாரம் குளிர் ஜாஸ்தி, மழை வேற. கீழ எடம் இல்லன்னு மேல கொண்டு போயி எறக்கத்தப் பாத்து நிறுத்துன. ஒரே தரத்துல எடுத்துச்சி. மூக்கு மேல பாத்து நின்னாதான் மக்கர் பண்ணுது. எழுதி வச்சிருக்கேன் பாரு.”

சந்தை மேட்டில் வண்டியை எப்போதும் மூக்கு மேலே இருக்கும்படிதான் நிறுத்துவோம். பின்கதவு சந்தையைப் பார்த்துத் திறந்தால் அதுவே உங்களுக்குக் கடை. அப்படி நிறுத்தச் சொன்னதே நீங்கள்தான். உங்கள் வியாபாரத்துக்கு வசதியான அந்த இடத்தை நீங்களே வேண்டாமென்று சொல்ல வந்திருந்தீர்கள். எனக்கு அது தோன்றவில்லை. ஜீப்காரர்கள் சிரிப்பதுதான் தெரிந்தது.

“பாய், நீங்க துணி கிழிக்கற வேலையப் பாருங்க. வண்டி எப்படி நின்னா இன்னா? அதுக்கு மூக்குல சளியா புடிச்சிருக்குது?”

கடை முழுக்கச் சிரித்தது. நீங்களும் சிரிக்க முயன்றீர்கள். அட்டையை மடிக்காமல், கசக்காமல் எடுத்துக்கொண்டு போய் வண்டிக்குள் வைத்துவிட்டு வந்தீர்கள். அதன் பிறகு வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிரேக் பார்த்தாயா என்றுகூடக் கேட்கவில்லை. அந்த ஜீப்காரர்களில் ஒருவர் உங்களைத் தன் வண்டியில் வரச்சொல்லி இரண்டு முறை கூப்பிட்டதும், நீங்கள் மாட்டேன் என்றதும் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அதற்கடுத்த இரண்டாவது சந்தை அன்று மதியமே மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் கலைந்தது. ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு உள்ளூர்களுக்குப் போய்விட்டன. நாம் நனைந்த தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தோம். மேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் தன் மனைவியை முதுகில் சுமந்துகொண்டு ஓடிவந்தார். சின்னையன். வழக்கமாக நம்மிடம் துண்டு வாங்குகிறவர். அவர் மனைவி பொன்னியை, புல் அறுக்கும்போது கண்ணாடி விரியன் கடித்திருந்தது. கணுக்காலுக்கு மேலே வீங்கத் தொடங்கியிருந்தது.

வெள்ளிமலை ஆஸ்பத்திரியிலிருந்து நர்சம்மா குடையோடு வந்து காலை ஆடாமல் கட்டைவைத்துக் கட்டினார். ஆம்புலன்ஸ் ஒரு பிரசவ கேசை ஏற்றிக்கொண்டு அப்போதுதான் மலை இறங்கியிருந்தது. “அது திரும்பி வர்ற வரைக்கும் வச்சிருக்கக் கூடாது. கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு போயிடணும். இந்த வண்டி யாரோடது?” என்றார்.

என்னுடையது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நீங்கள்தான் சொன்னீர்கள்.

பொன்னியை மூட்டைகளின்மேல் படுக்க வைத்தோம். நான் உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினேன். செல்ஃப் சுற்றியது. எடுக்கவில்லை. இன்னொரு முறை. இன்னொரு முறை. பின்னாலிருந்து சின்னையன், “அண்ணே, அண்ணே” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. யாரோ தள்ளலாமா என்று கேட்டார்கள். சேற்றில், ஏற்றத்தைப் பார்த்து நிற்கும் வண்டியை எங்கே தள்ளுவது? ஆறாவது முறை செல்ஃபின் சத்தம் இளைத்தது.

கதவைத் திறந்து என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

“நிறுத்து. பேட்டரி எறங்கிடும். அது போச்சுன்னா அப்புறம் ஒன்னும் பண்ண முடியாது.”

“இன்னா பாய் பண்றது?”

“டேங்கு கீழ கீது. என்ஜின் மேல கீது. நாலு மணி நேரமா இப்படியே நிக்குது. டீசல் மேல இருக்குதா, கீழயே எறங்கிப் போயிடுச்சா? அத எப்படிப் பாக்கறது? உனக்குத் தெரியுமே.”

எனக்குத் தெரியும். டீசல் ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் நானே செய்கிற வேலை. ஃபில்டருக்கு மேலே கட்டை விரலால் அழுத்துகிற ஒரு சின்னக் கைப்பம்பு இருக்கிறது. பானட்டைத் திறந்து அதை அழுத்தினேன். டீசல் நிறைந்திருந்தால் கல்லாக நிற்க வேண்டும். பஞ்சை அழுத்துவதுபோல உள்ளே போயிற்று.

“காத்து, பாய். உள்ள வெறும் காத்து.”

அழுத்த ஆரம்பித்தேன். மழையில் விரல் வழுக்கியது. என் கை ஓய்ந்ததும் நீங்கள் அழுத்தினீர்கள், அளவுகோல் பிடித்துக் காய்த்துப்போன கட்டை விரலால், சத்தமாக எண்ணிக்கொண்டே. காற்று வெளியேற நான் மேலேயுள்ள திருகைத் தளர்த்தினேன். நுரையாக வந்தது. நாற்பதைத் தாண்டியபோது நுரை நின்று டீசல் மட்டும் வழிந்தது. திருகை இறுக்கினேன். பம்பு கல்லாகிவிட்டது.

சாவியைத் திருப்ப ஓடும்போது, இதற்கும் எடுக்கவில்லையென்றால் இந்தப் பெண் இங்கேயே என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பை முடிக்கவில்லை. பேட்டரியில் மிச்சமிருந்ததெல்லாம் சேர்ந்து மூன்று சுற்றுச் சுற்றியது. மூன்றாவதில் எடுத்தது.

நீங்கள் முன்னால் வந்து உட்காரவில்லை. பின்னால் ஏறிக்கொண்டீர்கள். புதுப் போர்வை மூட்டையைக் கத்தியால் கிழித்துப் பொன்னியின்மேல் போர்த்துவது கண்ணாடியில் தெரிந்தது. நர்சம்மா தூங்க விடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். வளைவுக்கு வளைவு உங்கள் குரல் கேட்டுக்கொண்டே வந்தது.

“எம்மா, கண்ணத் தொற. போன வாரம் ஒரு பொடவய எடுத்து எடுத்துப் பாத்தியே, மயில் கழுத்துக் கலரா, மாம்பழக் கலரா?”

கன்னத்தை மெல்லத் தட்டும் சத்தம்.

“சொல்லும்மா. நான் எடுத்து வைக்கணுமில்ல. மயில் கழுத்தா?”

“மாம்பழம்” என்று ஒரு குரல், இருக்கிறதா இல்லையா என்பதுபோல.

“மாம்பழத்துல கரை பெருசா, சின்னதா?”

அப்படியே மலை இறங்கினோம். உங்கள் குரல் கொஞ்சம் நின்றாலும் என் கால் பிரேக்குக்குப் போயிற்று. மறுபடி கேட்டதும் மூச்சு வந்தது. கோமுகி அணை தாண்டி, கச்சிராயபாளையம் தாண்டி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தும்வரை நான் எதையும் பார்க்கவில்லை. ஆறு வருடமாக அந்தப் பிடியை விடாத மனிதர், பிடிக்க ஒன்றுமே இல்லாத பின்பக்கத்தில் இரண்டு கையாலும் இன்னொருவரைப் பிடித்துக்கொண்டு வந்தார் என்பது இறங்கிய பிறகுதான் உறைத்தது.

பொன்னியை உள்ளே கொண்டுபோன பிறகு உங்கள் அருகில் வந்தேன். “பாய், அன்னைக்கி டீக்கடையில நான் பேசனது…”

“வண்டிய ஆஃப் பண்ணிட்டியா?”

“இல்ல.”

“பண்ணாத. மொதல்ல எறக்கத்துல கொண்டு போயி நிறுத்து.”

அவ்வளவுதான். பிறகு எத்தனையோ முறை அந்த வாக்கியத்தை ஆரம்பித்தேன். ஒருமுறைகூட முடிக்க விடவில்லை.

மறுநாள் கடையைப் பாதியில் சாத்திவிட்டுச் சேகர் பட்டறைக்கு வந்தீர்கள். நடந்ததைச் சொன்னதும் சேகர் தலையில் கை வைத்துக்கொண்டான். “மூக்கு மேல நிக்கும்போதுதான் வருதுன்னு யாருமே எங்கிட்ட சொல்லலியே” என்றான். நான் தரையைப் பார்த்தேன். ஃபில்டருக்கு வருகிற குழாயைக் கழற்றிவிட்டு, உள்ளே ஓடுவது தெரிகிறமாதிரி ஒரு கண்ணாடி டியூபைப் போட்டு என்ஜினை ஓடவிட்டான். டீசலோடு சின்னச் சின்னக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. டேங்கிலிருந்து வருகிற ரப்பர் குழாயைத் தடவிக்கொண்டே போனான். ஒரு கிளிப்புக்கு அடியில் மயிரிழை போல விரிசல். வெளியே ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகவில்லை. காற்று மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. வண்டி ஏற்றத்தில் நிற்கும்போது, காற்று புகப் புக, குழாயிலிருந்த டீசல் டேங்குக்கே இறங்கிப் போயிருந்தது. ஒரு சாண் புதுக் குழாய், இரண்டு கிளிப். வேலை முடிந்தது.

நான் அப்போதே சொன்னேன் என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். “இனிமே வராதா? நிச்சயமா?” என்று சேகரிடம் மூன்று முறை கேட்டீர்கள். அவன் மூன்று முறை வராது என்று சொல்லியும் உங்களுக்குத் திருப்தியில்லை. என்னைக் கோமுகி அணைக்குக் கூட்டிப்போய், கரைக்கு ஏறும் சரிவில் மூக்கு மேலே இருக்கும்படி வண்டியை நிறுத்தச் சொன்னீர்கள். நான்கு மணி நேரம் காத்திருந்தோம். வறுத்த மீன் வாங்கித் தின்றோம். நீங்கள் ஐந்து நிமிடத்துக்கொரு தரம் வண்டியைத் திரும்பிப் பார்த்தீர்கள், அது எழுந்து ஓடிவிடும் என்பதுபோல. கடைசியில் நான் சாவியைத் திருப்பியதும் எடுத்தது. அல்ஹம்துலில்லா என்று முகத்தைத் தடவிக்கொண்டீர்கள். “இன்னொரு தரம் ஆஃப் பண்ணிட்டு எடு” என்றீர்கள்.

பொன்னி பிழைத்துக்கொண்டாள். இரண்டு மாதம் கழித்துச் சந்தைக்குக் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்து வந்து மாம்பழக் கலர்ப் புடவையை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த வாரமே வந்து, “இன்னா பாய், சாயம் போவுது” என்று சண்டை பிடித்தாள். அன்று முழுக்க நீங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

உங்கள் கடைசிச் சந்தைக்கு நீங்கள் வரவில்லை. ஒரு கல்யாணத்துக்குத் துணி எடுக்க ஆள் வருகிறார்கள், நீயே விற்றுவிட்டு வா என்று மூட்டைகளை ஏற்றிவிட்டீர்கள். பத்து மணிக்கு உங்கள் மகன் போன் செய்தான். வாப்பா கடையில் துணி காட்டிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார் என்றான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம் என்றான். உடனே வரச் சொன்னான்.

துணிகளை அப்படியே வாரிப்போட்டுக்கொண்டு ஏறினேன். வண்டி மூக்கு மேலே நின்றிருந்தது. ஒரே திருப்பில் எடுத்தது. எத்தனையோ நாள் எடுக்காமல் என்னைக் கொன்ற வண்டி, அன்றைக்குக் கொஞ்சம் தயங்கியிருக்கலாம். என்ஜின் ஓட ஓட அப்படியே உட்கார்ந்திருந்தேன். கிளம்பினால் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு உங்களை எடுத்தார்கள். நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். உங்கள் மகன் வந்து என் கையைப் பிடித்து இழுத்து, உங்களைச் சுமந்த சந்தூக்குப் பெட்டியின் ஒரு முனையை என் தோளில் வைத்தான்.

இப்போது மலைக்கு நான் தனியாகத்தான் போகிறேன். கடைச் சாமான், மரவள்ளி, சில நாள் சந்தைக்குப் போகிற ஜனங்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது பாய். கிளம்புமுன் கயிற்றை இழுத்துப் பார்க்கிறேன், டயரைத் தட்டிப் பார்க்கிறேன், வீட்டுக்குள் போய்விட்டு மறுபடி வந்து பார்க்கிறேன். மனைவி, “அந்த பாய் உங்க மேல ஏறிக்கினாரா?” என்று கேட்கிறாள். இந்தப் பயத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை.

ஒரு விஷயம் உங்களிடம் சொல்ல வேண்டும். மலை வளைவுகளில் நீங்கள் உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டே வருவீர்கள். ஒருநாள் கேட்டேன், “அப்படி இன்னாதான் சொல்லிக்கினு வரீங்க?” என்று. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், “துவாதான். உன் பேரையும் சேத்துத்தான் கேட்டுக்கினு வரேன். நீ ரோட்டப் பாரு” என்றீர்கள்.

எனக்கு அந்த வார்த்தைகள் தெரியாது. அதனால் பேர்களை மட்டும் சொல்கிறேன். சந்தை முடிந்து திரும்புகிறவர்கள் ஏறும்போதே ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டு வைத்துக்கொள்கிறேன். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது. முதல் வளைவு வந்ததும் ஆரம்பித்து, அணை கண்ணில் படும்வரை ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டே இறங்குகிறேன்.